பாட்டு நம்முடையது, படம் யாருடையது?

வன்னியில் இன்று ஏறக்குறைய ஒவ்வோர் இளைஞர் கையிலும் சிறு திரையொன்று ஒளிர்கிறது. பரந்தன் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவனும், புதுக்குடியிருப்பில் தையற்கடையொன்றில் வேலைசெய்யும் பெண்ணும், வவுனியாவில் தனியார் வகுப்பு முடித்து வரும் உயர்தர மாணவியும் அத்திரையில் மிகுதியும் பார்ப்பவை காணொளிப் பாடல்களே. பாட்டு கேட்பதற்குரியது என்ற நிலை போய், பார்ப்பதற்குரியது என்ற நிலை நம் கண்முன்னே வந்துவிட்டது.

இம்மாற்றத்தைப் பற்றி நம்மிடையே இரு கட்சியார் வாதிட்டு வருகின்றனர். முதற் கட்சியார் பண்பாட்டுக் காவலர். பரிசளிப்பு விழா மேடையில் ஒலிவாங்கி கிடைத்ததும், காணொளிப் பாடல் பிள்ளைகளைக் கெடுக்கிறது, உடையைக் கெடுக்கிறது, தமிழைக் கெடுக்கிறது என முழங்குவர். நாடகத்தைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இவர்களுடைய பாட்டனார் கூறியதும் இதுவே. இரண்டாம் கட்சியார் தொழில்நுட்பத்தை வழிபடுவோர். கமரா மலிந்துவிட்டது, யூடியூப் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆகவே கலையுலகில் ஜனநாயகம் மலர்ந்துவிட்டது என்பது இவர்கள் வாதம்.

இரு கட்சியாரும் கேளாது விடும் கேள்வி ஒன்று உண்டு. பாட்டுக்குப் படம் சேர்க்கப்படும்போது அப்பாட்டு யாருடைய உடைமையாகிறது? உடைமையைப் பற்றிப் பேசாது கலையைப் பற்றிப் பேசுவது, காணியைப் பற்றிப் பேசாது கமத்தைப் பற்றிப் பேசுவதை ஒக்கும். வன்னி மக்களுக்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கேள்வியை நமக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர். 2024ஆம் ஆண்டுக் காலபோக அறுவடையின்போது, நம் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர் சிலர் முல்லைத்தீவு மாவட்டத்து வயற்கிராமம் ஒன்றுக்குச் சென்றனர். வயலில் இப்பொழுது இயந்திரம் வெட்டுகிறது; அரிவாள் பிடித்த கைகள் வீட்டு முற்றத்தில் ஓய்ந்திருக்கின்றன. அம்மூதாட்டி தம் இளமைக்காலத்தில் வயலில் பாடிய அரிவு வெட்டுப் பாட்டைப் பாடினார். மாணவர் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, வயற்காட்சிகளைச் சேர்த்து, யூடியூப்பில் ஏற்றினர். மூன்றாம் நாள் அறிவித்தல் ஒன்று வந்தது. அப்பாட்டின் இசை பிறநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு உரியதாம்! அதே மெட்டுக்கு மேளமும் மின்னிசையும் சேர்த்து அக்கம்பனி முன்னரே ஒரு பாடலை வெளியிட்டிருந்தது. இனி நம் மாணவரின் படத்தில் விளம்பரம் ஓடினால், அதன் வருவாய் அக்கம்பனிக்குச் சேரும்.

மாணவர் இதை ஆச்சியிடம் சொன்னபோது அவர் சினக்கவில்லை, வியந்தார். "என்ர பாட்டுக்கு அவன் எப்பிடித் தம்பி உறுதி முடிச்சவன்?" என்றார்.

இக்கட்டுரை அவ்வொரு வினாவுக்கு விடை தேடும் முயற்சியே.

*

பாட்டுக்குப் படம் சேர்ப்பது நேற்றுத் தோன்றிய வித்தையன்று. 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்து இசைத்தாள் வியாபாரிகளான எட்வேட் மார்க்ஸ், ஜோசப் ஸ்டேர்ன் என்போர், தாம் இயற்றிய பாடலொன்றை விற்பதற்கு ஓர் உபாயம் கண்டனர். ஜோர்ஜ் தோமஸ் என்னும் மின்வினைஞர் பாடலின் கதையை நடிகரைக்கொண்டு நிழற்படங்களாக எடுத்துக் கொடுத்தார். அரங்கில் ஒருவர் பாட, திரையிற் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. மக்கள் கண்டு களித்தனர். இசைத்தாள் இலட்சக்கணக்கில் விற்றது. காணொளிப் பாடலின் பிறப்புச் சாதகம் இதுதான். விற்பனைப் பொருள் இசைத்தாள். படம் அதன் விளம்பரம்.

1940ஆம் ஆண்டில் அந்நாட்டு மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் 'பனோரம்' என்னும் பெட்டி நிறுவப்பட்டது. பத்துச் சத நாணயம் ஒன்றை இட்டால் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் இசைப்படம் ஒன்றைக் காணலாம். அப்படங்களைச் 'சவுண்டி' என்றனர். அப்பெட்டியின் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. ஒரே சுருளில் எட்டுப் படங்கள் தொடராகப் பிணைக்கப்பட்டிருந்தன. நாணயம் இட்டவர் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்க இயலாது; சுருளில் அடுத்து எது வருகிறதோ அதையே பார்க்க வேண்டும். இன்று ஒரு பாடல் முடிந்ததும் அடுத்த பாடலைத் தானே ஓடவிடும் திரையின் முன் அமர்ந்து, 'நமக்குப் பிடித்ததையே பார்க்கிறோம்' என்று எண்ணும் நம் மாணவர், பெட்டி மாறியதா, சுருள் மாறியதா என்று சிந்திப்பது நன்று.

அச்சவுண்டிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹொலிவூட் கறுப்பினக் கலைஞரைப் பணியாளர் வேடங்களுக்குள் அடைத்து வைத்திருந்த காலத்தில், டியூக் எலிங்டன், லூயி ஆம்ஸ்ட்ரோங், ஃபட்ஸ் வாலர் முதலியோர் அம்மூன்று நிமிடப் படங்களில் தம் கலையோடு நின்றனர். அவ்வகையில் வாசல் திறந்தது உண்மையே. ஆனால் நாணயப் பெட்டியின் சாவி வேறொருவர் இடுப்பில் இருந்தது. 1947இல் இலாபம் வற்றியதும் சவுண்டித் தொழில் மூடப்பட்டது.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி எம்.ரீ.வி. தொலைக்காட்சி தொடங்கியபோது அதே கதை பெரிய அளவில் மீண்டது. நாள் முழுதும் காணொளிப் பாடல்; அவற்றைப் பெறத் தொலைக்காட்சிக்குச் செலவில்லை, ஏனெனில் இசைக் கம்பனிகள் விளம்பரமாகக் கருதி இலவசமாக வழங்கின. கம்பனிகளுக்கேனும் அது இலவசமா? படத்தின் செலவில் பாதியையோ முழுவதையுமோ பின்னர் கலைஞரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்வது பல ஒப்பந்தங்களின் வழக்கம். ஆக, பாடியவர் தம் விளம்பரத்துக்குத் தாமே கூலி கொடுத்தார். அது மட்டுமா? தொடக்க ஆண்டுகளில் அத்திரையில் கறுப்பினக் கலைஞரைக் காண்பது அரிதாயிருந்தது. 1983இல் வெள்ளையினப் பாடகர் டேவிட் போவி, அத்தொலைக்காட்சியின் செவ்வியிலேயே அது ஏனென்று கேட்டார். அவ்வாண்டில் மைக்கல் ஜக்ஸனின் பாடற்படங்கள் அச்சுவரை உடைத்தன. உடைத்தது நியாய உணர்வு மட்டுமன்று, விற்பனைப் புள்ளியுமாகும்.

*

தமிழருக்குப் படத்தோடு பாட்டு வந்தது சினிமா வழியே. 1931இல் வெளிவந்த முதற் பேசும்படமான 'காளிதாஸ்' தொடக்கம், நம் திரைப்படம் பாடல்களின் கோவையாகவே வளர்ந்தது. படத்திலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்துக் காட்டிய சென்னைத் தூரதர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' வெள்ளிக்கிழமை மாலைகளை ஆட்கொண்டது. பின்னர் பாட்டுக்கென்றே தனித் தொலைக்காட்சிகள் எழுந்தன. 2004இல் சன் மியூசிக் தொடங்கிற்று. 2011 நவம்பரில் 'வை திஸ் கொலவெறி டி' என்னும் பாடல், ஒலிப்பதிவுக் கூடத்திற் பாடும் காட்சியை மட்டும் காட்டி யூடியூப் வழியே உலகைச் சுற்றியது. ஒரு திரைப்படத்தின் விளம்பரம் அத்திரைப்படத்தினும் பெரிதாகிய விந்தையை அன்று கண்டோம்.

இலங்கையில் நமக்கு வேறொரு மரபும் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் படமின்றியே வானொலி வழியும் மேடை வழியும் நாடெங்கும் பரவின. கலியாண வீட்டிலும் பாடசாலைச் சுற்றுலாப் பேருந்திலும் யாரும் அவற்றைப் பாடலாம். யார் பாடினாலும் அது பாட்டாகவே இருந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னரே நாட்டில் பாட்டுக்கு முகம் இன்றியமையாததாயிற்று.

வன்னியின் கதை தனிக்கதை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் நம் ஊர்களில் மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட வீடுகளிலே வளர்ந்தோம். அக்காலத்திலும் பாட்டுக்குப் படம் பிடிக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் எழுச்சிப் பாடல்களைக் காட்சிகளோடு சேர்த்து ஒளிப்பேழைகளாக வெளியிட்டது. 'ஒளிவீச்சு' என்னும் ஒளிப்பேழைச் சஞ்சிகையையும் நடத்தியது. மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கிடையே ஊர் கூடிப் பார்த்தது. அங்கே நாணயம் எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டது அதனினும் பெரிய விலை. நம் வகுப்புத் தோழர் சிலர் அப்பாடல்களின் பின்னே போயினர், திரும்பி வந்திலர். அப்பாடல்களில் ஒரு மக்களின் துயரும் ஏக்கமும் இருந்தன என்பதை மறுப்போர் பொய்யர். அவை எவருடைய ஆணையின் கீழ் எடுக்கப்பட்டன என்பதைக் கேளாதோரும் தம்மைத் தாமே ஏமாற்றுவோரே. 2009இன் பின்னர் எதிர்ப்பக்கத்து வெற்றிப் பாடல்களின் படங்களும் வந்தன. அவற்றில் நம் மக்கள் முகமற்ற வரிசையாய் நின்றனர்.

இன்று வருவது மூன்றாம் அலை. வெளிநாட்டில் வாழும் உறவினர் பணம் அனுப்புகின்றனர். உள்ளூர் இளைஞர் படம் பிடிக்கின்றனர். நந்திக்கடலின் மேலே ட்ரோன் பறக்கிறது. இரணைமடுக் குளக்கட்டில் நாயகன் மோட்டார் சைக்கிளில் வருகிறான். நாயகி தாவணியில் நிற்கிறாள். பின்னே நாற்று நடும் பெண்களும் கருவாடு காயவைக்கும் பெண்களும் அரை நிமிடம் தோன்றி மறைகின்றனர். அப்பெண்களின் பெயர் யாது? அன்றைய கூலி யாது? நுண்கடனின் வாராந்தத் தவணைக்கு அவர்கள் என்ன செய்தனர்? பாடலுக்கு இவை தேவைப்படவில்லை. வன்னி ஒரு பின்னணித் திரைச்சீலையாகத் தொங்குகிறது. இளைஞரின் உழைப்பை நாம் இழித்துரைக்கவில்லை. தவணைக்கு வாங்கிய கமராவோடு இரவெல்லாம் விழித்திருந்து படத்தைத் தொகுப்பவன் நம் மாணவனே. அவனும் சுரண்டப்படுகிறான் என்பதே நாம் சொல்வது. ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் சேர்ந்தாலன்றி யூடியூப் அவனுக்கு விளம்பரப் பங்கு தராது. சேர்ந்தாலும், விளம்பர வருவாயில் நூற்றுக்கு நாற்பத்தைந்தை அது தனக்கென எடுத்துக்கொள்ளும். வயல் உழுதவனிடம் விளைவிற் பாதியை வாங்கிய பழைய காணிச் சொந்தக்காரர் இக்கணக்கை நன்கறிவர்.

*

'இவையெல்லாம் சிறு கலைஞர் படும் தொல்லை. உலகப் புகழ் வந்தால் உரிமையும் வரும்' என்பார் உண்டு. அவர்களுக்காக ஓர் உதாரணம் கூறுவோம். 2021 மார்ச் 7ஆம் திகதி வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் காணொளிப் பாடலை அறியாதார் இலர். அறிவு, தீ ஆகியோர் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளர். கனடாத் தமிழர் உள்ளிட்டோர் தொடங்கிய 'மாஜா' நிறுவனம் வெளியிட்டது. சில மாதங்களில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது.

அப்பாடலின் வேர் எங்கிருக்கிறது? காணியற்ற கூலிகளாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து உழைத்து, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மக்களின் வாழ்வில் இருக்கிறது. பாடலை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அவ்வாறு சென்றவர். படத்திலும் அவர் அமர்ந்திருக்கிறார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என ஒத்திவைத்தது. கப்பலேறாதோரிற் பலர் 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டினர். கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே அப்பாடல் வன்னிக்கு அந்நியமன்று. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை அங்கே பாடியது; மறுகிளை இங்கே கேட்டது.

பின் நடந்தது யாது? 2021 ஆகஸ்டில் இந்திய இசைச் சஞ்சிகையொன்று அப்பாடலைக் குறிப்பிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது அறிவின் முகம் அதில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டைப்படம் வந்தது. 2022 ஜூலையில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில் அப்பாடல் அவரின்றியே பாடப்பட்டது. பாடலை ஆக்கியது யார் என்பதில் அறிவு ஒன்று கூற, இது மூவரின் கூட்டுப்படைப்பு எனச் சந்தோஷ் நாராயணன் கூறினார். 2024 மார்ச்சில், தமக்கும் தோழருக்கும் அப்பாடலால் ஒரு காசும் வரவில்லை என அவரே அறிவித்தார். ஒப்பந்தக் கடமை எதிலும் தவறவில்லை, முன்பணம் கொடுத்தோம் என நிறுவனம் மறுத்தது. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் நீதிபதிகளல்லர். ஆயினும் ஒன்று வெளிப்படை. உலகமெல்லாம் பார்த்த ஒரு பாடலின் மூன்றாண்டு வருவாய் எங்கே போயிற்று என்பதைப் பாடலைப் படைத்தோராலேயே அறிய முடியவில்லை. அவர்கள் நிலையே அதுவாயின், காணியிழந்தோரின் துயரை முதலிற் பாடிய பெயரற்ற பெண்களின் பங்கை யார் கணக்கிடுவர்?

*

இனி ஆச்சியின் வினாவுக்கு வருவோம். உறுதி எப்படி முடிக்கப்பட்டது? 2007 முதல் யூடியூப்பில் இயங்கும் அடையாள முறைமை ஒன்று உண்டு. பெரும் உரிமையாளர் தம் இசையின் மாதிரியை அதில் வைப்பர். புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு படத்தையும் இயந்திரம் அம்மாதிரியோடு ஒப்பிடும். பொருந்தினால் உரிமைகோரல் எழும். யார் முதலில் பாடினார் என்று இயந்திரம் கேளாது. யார் முதலிற் பதிந்தார் என்றே பார்க்கும். மூன்று தலைமுறை உழுத நிலத்தில் நிற்பவனிடம் பத்திரம் கேட்டு, பத்திரம் வைத்திருப்பவனிடம் நிலத்தைக் கேளாத நீதியை வன்னியில் நாம் முன்னரே கண்டிருக்கிறோம். அதுவே இன்று பாட்டுக்கும் வந்திருக்கிறது.

'நாட்டார் பாடல் எல்லோருக்கும் பொது. அதற்கு உரிமை பேசுவது முதலாளித்துவ மனப்பான்மையன்றோ?' என நம் தோழர் சிலரே கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. மேய்ச்சற்றரை ஊருக்குப் பொது. எவரும் உறுதி முடிப்பதில்லை. ஒருவன் அதற்கு வேலியடைத்து, மாட்டுக்கு இவ்வளவு எனக் காசு கேட்கத் தொடங்கும்போது, 'பொதுநிலம்தானே' என்று சும்மா இருப்பது பொதுவுடைமையாகுமா? வேலியைப் பிடுங்குவதன்றோ பொதுவுடைமை? ஆச்சியின் பாட்டை விற்று அவரைச் செல்வராக்குக என்று நாம் கூறவில்லை. அதை எவரும் அடைக்காதிருக்கக் காவல் செய்க என்கிறோம்.

அக்காவலுக்குக் கருவிகள் சில உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோன் உரிமை பதிவின்றியே பிறக்கிறது. ஆக்கியோன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்ற உரிமையும், பாடுவோர் ஆடுவோர்க்கான தனியுரிமையும் அதில் உள்ளன. நாட்டார் வழக்காறுகளுக்கும் அச்சட்டம் காப்பளிக்கிறது. அவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். எச்சமூகத்தினின்று, எவ்விடத்தினின்று எடுக்கப்பட்டது எனவும் குறிக்க வேண்டும். நம் ஆசிரியருள் எத்தனை பேர் இதனை வகுப்பிற் சொல்லியிருக்கிறோம்? யாப்பிலக்கணம் கற்பிக்கிறோம், பாட்டின் உடைமையிலக்கணம் கற்பிப்பதில்லை. குற்றம் கம்பனியுடையது மாத்திரமன்று.

ஆகவே நாம் செய்யத்தக்கன இவை. பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, வேலப்பணிக்கன் ஒப்பாரி, முல்லை மோடியிற் பாடப்படும் கோவலன் கூத்து ஆகியவற்றை, பாடுவோரின் சம்மதத்தோடு, அவர் பெயரும் ஊரும் திகதியும் சொல்லிப் பதிவு செய்வோம். முதற்பதிவைப் பாடசாலையிலும் பாடியவர் வீட்டிலும் வைப்போம். தமிழ்த் தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்கும் நாம், போட்டி முடிந்ததும் உடுப்பைப் பெட்டியிற் பூட்டுவதோடு நில்லாதிருப்போம். படம் பிடிக்கும் இளைஞர், எவருக்குப் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளிலேனும் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே கமராவைத் திறக்கட்டும். நெல்லுக்கும் பாலுக்கும் மீனுக்கும் கூட்டுறவு கண்ட மக்கள் நாம். பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு கூட்டுறவு காண நம்மால் இயலாதா? கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் சங்கத்துக்குச் சொந்தமானால், தவணைக்காரன் இளைஞனின் முதுகிலேறி இரான்.

காணொளிப் பாடல் என்னும் கலைவடிவை நாம் வெறுக்கவில்லை. போர் தின்ற இந்நாட்டிலிருந்து அகதியாய்ச் சென்று இலண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், 2015இல் 'போர்டர்ஸ்' என்னும் தம் பாடலைத் தாமே படமாக இயக்கி, வேலியேறும் மனிதரையும் படகில் நெருங்கி நிற்கும் மனிதரையும் உலகின் கண்முன் நிறுத்தினார். கமரா எவர் கையில் இருக்கிறதோ அவருடைய கேள்வியே திரையில் எழும் என்பதற்கு அது சான்று. 2010இல் அவருடைய வேறொரு பாடற்படத்தை யூடியூப் கட்டுப்படுத்தியதும் உண்மையே. வாசலின் சாவி இன்னும் நம்மிடம் இல்லை என்பதற்கு அது சான்று.

ஆச்சியின் பாட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மாணவர் உரிமைகோரலை எதிர்த்து எழுதினர். 'இது எங்கள் மாவட்டத்து வயல்களில் தலைமுறையாகப் பாடப்படுவது, பாடியவர் இவர், ஊர் இது' என்று விளக்கினர். முப்பது நாளுக்குள் கம்பனி விடை தரவேண்டும், தரவில்லை. உரிமைகோரல் நீங்கியது. சிறு வெற்றிதான். வேறோர் ஊரில், வேறொரு மெட்டுக்கு, அதே வேலி நாளையே அடைக்கப்படலாம். ஆயினும் பதினேழு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர், வேலி பிடுங்கப்படக்கூடியது என்பதை அன்று கண்டுகொண்டனர்.

அச்செய்தியைக் கேட்ட ஆச்சி, "அப்ப மற்றப் பாட்டுகளையும் எழுதுங்கோ பிள்ளையள், எனக்கு மறக்க முந்தி" என்றார்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஆச்சி இருக்கிறார். அவர் மறக்குமுன் செல்லுங்கள்.